மறுவும் திருமறுவும்

'மாசு மறுவற்ற' என்று எழுதாத தமிழ் எழுத்தாளர் உண்டா? ஒழுக்கத்தைப் புகழவும் தோலைப் புகழவும் நமக்கு இந்த ஒரே தொடர்தான் கைகொடுக்கிறது. அழுக்கையும் பிறவி மறுவையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய நாமே, அது திருமாலின் மார்பில் இருந்தால் 'திருமறு' என்கிறோம். திருமறுமார்பன் என்று போற்றுகிறோம். எண்ணூரிலோ இராயபுரத்திலோ ஒரு பெண்ணின் கன்னத்தில் இருந்தால்? கேள்விகள்தாம்.

"தீப்பட்டதாம்மா? ஆசிட்டா? கல்யாணம் ஆயிடுச்சா?" திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஓடும் ஷேர் ஆட்டோவில், முழங்கால் இடிக்க உட்கார்ந்தபடி முன்பின் அறியாதவர்கள் கேட்பவை இவை. பரிவோடுதான் கேட்கிறார்கள். அந்தப் பரிவுக்கு நாள்தோறும் விடை சொல்லி ஓய்ந்துபோனவள் துப்பட்டாவைக் கன்னத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொள்கிறாள். புகைப்படத்துக்கு எப்போதும் ஒரே பக்கத்தைக் காட்டக் கற்றுக்கொள்கிறாள்.

பழி அவளோடு நிற்பதுமில்லை. தாய் கிரகணத்தன்று வெளியே வந்தாளாம், வயிற்றைத் தொட்டாளாம். முகத்தில் செம்படலமாகத் தோன்றும் 'போர்ட் ஒயின்' மறு ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ மூவருக்கு உண்டு. கரு வளர்கையில் 'ஜிஎன்ஏகியூ' என்னும் மரபணுவில் தற்செயலாக நேரும் மாற்றமே அதற்குக் காரணம் என்று 2013இல் கண்டறிந்தார்கள். தாய் செய்ததும் செய்யாததும் அதில் சேரா, நிலவுக்கும் பங்கில்லை. லேசர் சிகிச்சை நிறத்தை மங்கச் செய்யும். ஆனால் பலமுறை செய்ய வேண்டும், முற்றிலும் மறையும் என்ற உறுதியும் கிடையாது. "பக்கத்திலேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறதே, போய் எடுத்துவிட வேண்டியதுதானே" என்னும் அன்பர்கள் இதை அறிவது நல்லது.

உடற்குறையைக் குற்றத்தின் கூலியாகப் பார்ப்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று. சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூர் எல்லையைக் கடந்த சுந்தரர் பார்வை இழந்தார் என்கிறது புராணம். அவராவது வாக்குத் தவறியவர். (காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் அவருக்குத் திரும்பவும் கிடைத்தன!) கருவிலிருந்த குழந்தை எந்தச் சத்தியத்தை மீறிற்று?

இவற்றைவிட நம்மைச் சினங்கொள்ளச் செய்வது எழுதுகிறவர்களின் சோம்பல். வில்லனை அறிமுகப்படுத்த அவன் கன்னத்தில் ஒரு தழும்பையோ மறுவையோ ஒட்டிவிடுகிறது சினிமா. கதாநாயகிக்கோ உதட்டோரம் கடுகளவு மச்சம். நம் சிறுகதைகள் நாகரிகமானவை அல்லவா? மறு உள்ள பெண்ணுக்கு 'அழகிய உள்ளம்' ஒன்றைக் கொடுத்து அனுப்பிவைக்கின்றன. அவள் காசிமேட்டு மீன் ஏலத்தில் சண்டை போடக் கூடாதா? தோழிமேல் பொறாமைப்படக் கூடாதா? முகத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லாத ஒரு கதையில், எண்ணூர்ப் பேருந்தைத் தவறவிட்டு நடத்துநரைத் திட்டிக்கொண்டு நிற்கக் கூடாதா?