அருவி பொது, வழி யாருடையது?

சாரல் தொடங்கியதும் மாங்காடு, குன்றத்தூர், பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து குற்றாலத்துக்கு வேன் பிடித்துப் போகிறவர்கள் நம்மில் பலர். அருவியின் கீழே நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர் என்ன சாதி என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்த நிலை தானாக வந்துவிடவில்லை.

குற்றாலத்தில் விழுவது சிற்றாறு. பெயருக்கேற்ற சிறிய ஆறுதான். திரிகூடமலையில் தோன்றி, தேனருவியாகவும் செண்பகாதேவி அருவியாகவும் இறங்கி, பேரருவியாகக் கொட்டுகிறது. நடுவில் பொங்குமாகடல் என்னும் பாறைக் குழியில் விழுந்து வேகம் தணிவதால்தான் கீழே மனிதர் நின்று குளிக்க முடிகிறது. பிறகு தென்காசி வழியாக வயல்களுக்குப் பாய்ந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்கிறது. வழியெங்கும் அந்த நீர் யாரிடமும் சாதி கேட்டதில்லை.

மனிதர்கள் கேட்டார்கள். 1934இல் தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தமிழகம் வந்த காந்தி, குற்றாலத்துக்கும் போனார். அருவிக்குப் போகும் வழி கோயிலை ஒட்டி இருந்ததால் தாழ்த்தப்பட்ட மக்கள் அங்கே குளிக்க முடியாது என்று அறிந்து, தாமும் குளிக்காமல் திரும்பினார். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அருவியை யாராலும் பூட்ட முடியாது. பூட்டப்பட்டது அருவிக்குப் போகும் பாதை. பாதையைப் பிடித்துக்கொண்டவர்கள் நீரையும் பிடித்துக்கொண்டார்கள்.

அப்போது உரிமை எழுத்தில் இல்லாமல் இல்லை. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்த ரெட்டைமலை சீனிவாசன் உறுப்பினராக இருந்த சென்னை சட்டமன்றத்தில், பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லாருக்கும் உரியவை என்ற தீர்மானம் 1924இலேயே நிறைவேறிவிட்டது. பத்தாண்டுக்குப் பிறகும் குற்றாலத்தில் வழி திறக்கவில்லை. மகாராட்டிரத்தின் மகாடிலும் இதே கதைதான். சவுதார் குளத்தை நகராட்சி முன்பே பொதுவாக்கிவிட்டது. ஆனால் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் நடந்துபோய் அள்ளிக் குடித்த பிறகுதான் அந்த உரிமைக்கு உயிர் வந்தது.

இன்று நம் கையில் இருக்கும் சட்டம் இன்னும் தெளிவானது. அரசமைப்பின் 15ஆம் பிரிவு கிணறு, குளம், படித்துறை, சாலை எல்லாவற்றையும் சொல்கிறது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஆறு, ஓடை, ஊற்று, குழாய் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. அவற்றோடு சாலையையும் பாதையையும் சேர்த்திருக்கிறது. பட்டியல் சமூகத்தவரைத் தடுத்தால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. நீரையும் வழியையும் ஒரே பிரிவில் வைத்தவர்களுக்கு நம் ஊர்களின் வரலாறு தெரிந்திருக்கிறது.

சட்டம் இருந்தால் போதுமா? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சமூக மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. வழி திறந்த காலத்திலும் நீர் கெடுக்கப்பட்டது.

நம் பக்கம் அருவி கிடையாது. ஏரி, குளம், கால்வாய், தெருக்குழாய்தான் உண்டு. கேள்வி மட்டும் அதேதான். காலனியிலிருந்து ஏரிக்கரைக்குப் போகும் வழி பதிவேட்டில் பொதுப்பாதையாக இருக்கிறதா, இல்லை யாரோ வேலி போட்ட நிலத்துக்குள் போய்விட்டதா? ஊர்த்தெருவுக்கு வரும் தண்ணீர் அதே நேரம், அதே அளவு காலனிக்கும் வருகிறதா? தொட்டியை யார் கழுவுகிறார்கள், யார் பூட்டிச் சாவி வைத்திருக்கிறார்கள்?

மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளில் ஊராட்சிகளில் கிராமசபை கூடுகிறது. படிக்கிற பிள்ளைகள் அதற்கு முன்பே தங்கள் ஊரின் நீர்நிலைகளையும் அவற்றுக்குப் போகும் வழிகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். சர்வே எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடைபட்ட வழி இருந்தால் கிராமசபையில் படித்துத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நகராட்சிப் பகுதியில் இருப்பவர்கள் ஆணையரிடம் மனுவாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

உரிமையை எழுதி வாங்கித் தந்தவர்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டார்கள். அந்த வழியில் நடக்க வேண்டியவர்கள் நாம்தான்.