வராமற்போன பிள்ளையும் கணக்கிற் சேரவேண்டும்

வளரிளம் பருவத்தினருக்கான மனநலச் சிகிச்சை பற்றிய அறிக்கைகளில் 'என்கேஜ்மென்ட்' என்னும் ஆங்கிலச் சொல் அடிக்கடி எதிர்ப்படுகிறது. நெடுநாள் அதனை 'ஒத்துழைப்பு' என்றே மொழிபெயர்த்து வந்தேன். அது பிழையென்று இன்று கருதுகிறேன். அச்சொல்லின்படி, குறித்த நாளில் வராத பிள்ளை ஒத்துழைக்க மறுத்தவனாகிறான். குற்றம் முழுவதும் அவன்மேல் விழுகிறது. சிகிச்சையில் ஒன்றி நிற்பதோ பிள்ளை, நிலையம் ஆகிய இருபாலாரும் சேர்ந்து செய்யவேண்டிய காரியம்.

2015–16ஆம் ஆண்டுகளில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதுடையோருள் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு காணப்பட்டது. இவர்களுள் சிறப்பு மருத்துவரை அடைவோர் மிகச் சிலரே. அடைந்தபின் விலகியோர் எந்தக் கணக்கில் வருகின்றனர்? எடுத்துக்காட்டாக, 100 பேர் வந்து, 40 பேர் இறுதிவரை நின்று, அவருள் 30 பேர் நலமடைந்தனர் என்று கொள்வோம். நின்றவரை மட்டும் எண்ணினால் வெற்றி 75 விழுக்காடு. வந்தவரையெல்லாம் எண்ணினால் உறுதியாகக் கூறத்தக்கது 30 மட்டுமே. விலகிய 60 பேருட் சிலர் நலம்பெற்றதனாலேயே நின்றிருக்கலாம். சிலர் நிலை மோசமாகியிருக்கலாம். கேட்டறியாமல் எதுவும் சொல்லவியலாது.

காரணங்கள் பலவும் மிகச் சாதாரணமானவை. மனச்சோர்வுக்குத் தரப்படும் ஃப்ளுவாக்சட்டீன் போன்ற மருந்துகள் பயன் காட்டச் சில வாரங்கள் ஆகும்; குமட்டல் முதலிய தொல்லைகளோ தொடக்கத்திலேயே தோன்றக்கூடும். இதனை முன்னரே விளக்காவிடில் பத்தாம் நாளே மாத்திரை நின்றுவிடும். வெளிநோயாளர் பிரிவு நடைபெறும் நேரமே பள்ளி நேரமும். உடன்வரும் தாய் ஒருநாட் கூலியை இழக்கிறாள். இவை ஒருபுறமிருக்க, மருத்துவர் தாயிடம் மட்டும் பேசி அனுப்பிவிட்டால், பதினைந்து வயதுப் பிள்ளை மறுமுறை எதற்காக வரவேண்டும்?

பதிவேடுகள் ஏற்கெனவே மிகுதி என்பதை அறிவேன். அவற்றுட் சிலவற்றை மொழிபெயர்த்தவனும் நானே. எனினும் ஒரு பத்தி கூடினால் தகும். தவணை தவறிய பிள்ளையை அவ்வாரமே களப்பணியாளர் சந்தித்து, தெருவார் செவிப்படாதவாறு காரணம் கேட்டு, அவன் கூறிய சொற்களிலேயே எழுதிக்கொள்ளலாம். பயணம் இயலாதவர்க்கு, 2022இல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் எண்ணைத் தரலாம். ஆசிரியர்கள் சிகிச்சை நாளுக்கு விடுப்பு அளிக்கும்போது, அதனை வகுப்பறியக் கூறாதிருக்க வேண்டும்.

அடுத்த படிவத்தில் 'ஒத்துழைக்கவில்லை' என்னும் தலைப்பை நீக்கி, 'வரவில்லை. அவர் கூறிய காரணம்' என்று எழுதியிருக்கிறேன். மேலதிகாரிகள் அதனை ஏற்பார்களா என்பது தெரியவில்லை.