"எப்பவாவது நின்னுடுது" என்பதும் புகார்தான்

கோளாறுகளில் இரண்டு வகை. ஒன்று, பொத்தானை அமுக்கினால் ஒவ்வொரு முறையும் வருவது. இன்னொன்று, எப்போதாவது வருவது. முதல் வகைக்கு மெக்கானிக் கிடைப்பார். இரண்டாவது வகையோடு போய் நின்றால், "இப்ப நல்லாத்தானே ஓடுது ஐயா" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் வலி மறைந்துபோகும் நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் தங்கை மகன் பெங்களூரில் சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறான். உன் தொழிலில் எதுடா ரொம்பக் கஷ்டம் என்று கேட்டேன். "கெர்னலை மாத்தின பிறகு விர்ச்சுவல் மெஷின் எப்பவாவது தானா விழும் மாமா. ஏன் விழுதுன்னு கண்டுபிடிக்கிறதுதான்" என்றான். அவன் விளக்கியதைக் கேட்டபோது, ஒரு குமாஸ்தாவுக்கு இதில் சொல்ல விஷயம் இருக்கிறது என்று தோன்றியது.

விர்ச்சுவல் மெஷின் என்பது ஒண்டுக்குடித்தனம். பெரிய கணினி ஒன்றைப் பல போர்ஷனாகத் தடுத்து வாடகைக்கு விடுகிறார்கள். ஒவ்வொரு குடித்தனக்காரரும் தனிவீட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொள்வார். கெர்னல் என்பது நினைவகம், வட்டு, நேரம் எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுக்கும் நடுநாயக நிரல். வீட்டுக்காரருக்கு ஒரு கெர்னல், ஒவ்வொரு போர்ஷனுக்கும் உள்ளே ஒரு கெர்னல். வீட்டுக்காரர் குழாயை மாற்றினால் பின்கட்டுப் போர்ஷனில் என்றைக்கோ ஒரு நாள் தண்ணீர் நிற்கும். தப்பு வீட்டுக்காரர் குழாயிலா, குடித்தனக்காரர் குழாயிலா என்பது முதல் சிக்கல்.

ஏன் என்றைக்கோ ஒரு நாள்? இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் ஒரே இடத்தில் கைவைத்தால்தான் சில தப்புகள் நடக்கும். ஒரு நொடியில் மிகச் சிறிய பங்கு முன்னே பின்னே போனால் ஒன்றும் நடக்காது. இன்னொரு வகை, ஒரு நிரல் தன் எல்லை தாண்டி நினைவகத்தில் எழுதிவிடுவது. எழுதிய அந்தக் கணத்தில் எதுவும் விழாது. அந்த இடத்தைப் பிறகு படிக்கும் வேறொரு நிரல்தான் விழும். திங்கட்கிழமை ஒருவர் தப்பாகப் பதிந்த தொகை, மாதக் கடைசியில் இன்னொருவர் ரிஜிஸ்டரில் இடிப்பது போல. விழுந்தவன் குற்றவாளி அல்ல. இதைச் சட்டம் போட்டு எழுதி ஒவ்வொரு அலுவலகத்திலும் மாட்டலாம்.

1970களின் கடைசியில் நான் இருந்த பிரிவில் மாத முடிவில் 270 ரூபாய் இடித்தது. புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞனுக்கு அன்று மாலையே மெமோ போய்விட்டது. எங்கள் தலைமை குமாஸ்தா மட்டும் 270ஐ ஒன்பதால் வகுத்துப் பார்த்தார். மீதி இல்லை. "யாரோ இலக்கத்தை மாற்றிப் போட்டிருக்கிறார்கள்" என்றார். இரண்டு ரிஜிஸ்டரிலும் 15ஆம் தேதி வரை உள்ள கூட்டுத்தொகையை ஒப்பிட்டார், சரியாக இருந்தது. அப்படியானால் தப்பு பின்பாதியில். அடுத்து 22ஆம் தேதி, இடித்தது. பிறகு 18, 20 என்று பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே வந்து, ஐந்தாவது சோதனையில் அந்த நாளைப் பிடித்துவிட்டார். 1,580 என்பது 1,850 என்று பதிவாகியிருந்தது. கையெழுத்து அந்த இளைஞனுடையது அல்ல, பிரிவின் மூத்தவர் ஒருவருடையது. மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் பையன் முகம் பழையபடி ஆகப் பல மாதம் பிடித்தது.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு தெக்கார்த் பாடம் உண்டு. 1637இல் அவர் வகுத்த நான்கு விதிகளில் இரண்டாவது, கடினமான எதையும் இயன்ற அளவு சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொள் என்பது. தலைமை குமாஸ்தா தெக்கார்த்தைப் படித்தவரல்லர். முறை ஒன்றுதான்.

கெர்னல்காரர்கள் செய்வதும் இதுவே. லினக்ஸ் கெர்னலுக்கு ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்கு மேல் மாற்றங்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கிட் என்ற பதிவேட்டு நிரலில் ஒவ்வொரு மாற்றமும் யார் செய்தது, ஏன் செய்தது என்ற குறிப்போடும், அதைப் பரிந்துரைத்து மேலே அனுப்பியவர்கள் ஒப்பத்தோடும் நிற்கிறது. நம் நோட் ஷீட்தான், வேறென்ன? பழைய பதிப்பு நல்லது, புதிய பதிப்பு கெட்டது என்று தெரிந்தால் நடுவில் உள்ளதை ஓட்டிப் பார்ப்பார்கள். பத்தாயிரம் மாற்றங்களுக்குப் பதினாலு சோதனை போதும்.

எப்போதாவது விழும் கோளாறில்தான் இந்த அழகான கணக்கு உதைக்கும். பள்ளியில் பெருக்கலைச் சரிபார்க்க 'ப்ரெவ் பர் நெஃப்' என்று ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள், ஒன்பதின் சோதனை. அதில் விடை இடித்தால் கணக்கு நிச்சயம் தப்பு. இடிக்கவில்லை என்றால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. இலக்கம் இடம் மாறியிருந்தால் அந்தச் சோதனைக்குத் தெரியவே தெரியாது. இங்கேயும் அப்படித்தான். மெஷின் விழுந்தால் அந்தப் பதிப்பு கெட்டது, சந்தேகமில்லை. விழாவிட்டால்? இரண்டு நாளுக்கு ஒரு நாள் விழும் கோளாறு என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் சும்மா இருந்ததை வைத்து நல்லது என்று எழுதினால், காசு சுண்டிப் போட்டு எழுதியதற்குச் சமம். ஏழு நாள் தொடர்ந்து விழாமல் இருந்தால்தான் தப்பிப்போன வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே வரும். அவசரப்பட்டு ஒரே ஒரு முறை தப்பாக 'நல்லது' போட்டால் தேடல் முழுவதும் தப்பான பாதிக்குள் போய்விடும். முடிவில் ஒரு நிரபராதி மாற்றத்தின் மேல் பழி விழும். மெமோ வாங்கிய பையன் கதைதான்.

பெரிய கைகளும் இதில் திணறியிருக்கின்றன. 2014 நவம்பரில் டேவ் ஜோன்ஸ் என்ற கெர்னல் வல்லுநரின் சோதனைக் கணினி 3.18 பதிப்பில் திடீர் திடீரென்று உறைந்தது. வாரக்கணக்கில் பாதி பாதியாகத் தேடினார். டோர்வால்ட்ஸே கூட உட்கார்ந்தார். நல்லது என்று நினைத்திருந்த 3.17ம் அதிக நேரம் ஓடவிட்டால் உறைந்தது. டிசம்பர் 7இல் 3.18ஐ வெளியிட்டபோது, இந்தப் பிரச்சினை இன்னும் பிடிபடவில்லை என்பதை டோர்வால்ட்ஸ் அறிவிப்பிலேயே சொல்லிவிட்டார். மூடி மறைக்கவில்லை. எனக்கு அந்த ஒரு வரிக்காகவே மரியாதை.

ஒண்டுக்குடித்தனத்தில் ஒரு சௌகரியமும் உண்டு என்கிறான் தங்கை மகன். குடித்தனக்காரரின் கெர்னலைத் தொடாமல் வீட்டுக்காரருடையதை மட்டும் மாற்றிப் பார்க்கலாம், பிறகு திருப்பிப் போட்டும் பார்க்கலாம். விழுந்த போர்ஷனை அப்படியே உறையவைத்து, உள்ளே இருப்பதை வெளியிலிருந்து பிரதி எடுக்கலாம். ஒரே மாதிரிப் போர்ஷன் ஏழு போட்டு ஒரே நாளில் ஓட்டினால், பல சமயம் ஏழு நாள் காத்திருப்பும் குறையும். "ஆனா ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும் மாமா. ரெண்டை மாத்தினா ரெண்டுமே வீண்" என்றான்.

இனி என் கருத்து. லினக்ஸ் உலகில் ஒரு விதி இருக்கிறது. நேற்றுவரை ஓடிய பயனரின் நிரல் கெர்னலை மாற்றிய பின் ஓடவில்லை என்றால், தப்பு கெர்னலுடையது. பயனர் மேல் பழி போடக் கூடாது. 2012 டிசம்பரில் இதை மீறிப் பேசிய ஒரு பராமரிப்பாளருக்கு டோர்வால்ட்ஸ் எழுதிய கடிதத்தின் மொழி எந்த அலுவலகத்திலும் ஏற்கத்தக்கதல்ல. தம் கடுஞ்சொற்களுக்காக 2018இல் அவரே பொதுவில் மன்னிப்புக் கேட்டார். ஆனால் விதி தங்கமான விதி.

அப்படியானால் எதையுமே மாற்றாமல் இருக்கலாமே என்பீர்கள். முடியாது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற ஓட்டைகள் வெளியே தெரிந்தபோது எல்லாப் பூட்டையும் மாற்றியே ஆக வேண்டியிருந்தது. அந்த அவசரத்தில் இன்டெல் தந்த திருத்தமே சில கணினிகளைத் தானாக அணைத்து ஏற்றவைத்தது. ஜனவரி 22இல் அந்தத் திருத்தத்தைப் போடுவதை நிறுத்துங்கள் என்று அதே நிறுவனம் கேட்டுக்கொண்டது. மாற்றம் தேவை. பின்வாங்கும் வழியும் தேவை.

நவம்பர் மாதம் ஜீவன் பிரமாண் சான்றுக்கு விரலை வைக்கிறோம். சில நாள் ஏற்கிறது, சில நாள் ஏற்பதில்லை. "உங்க ரேகை தேஞ்சு போச்சு" என்கிறார்கள். தேய்ந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அதே விரல் போன வருஷம் வேலை செய்ததா, நடுவில் கருவியையோ நிரலையோ மாற்றினீர்களா என்று யாரும் கேட்பதில்லை. என் வயது நண்பர் ஒருவர் மூன்று முறை அலைந்தார். நான்காவது முறை அதே விரல், அதே நாற்காலி, உடனே ஏற்றுக்கொண்டது. இடையில் தேய்ந்த ரேகை வளர்ந்துவிட்டதா?

மாற்றியவர்தான் நிரூபிக்க வேண்டும். தினமும் வந்து நிற்கும் கிழவரல்ல. எந்தத் தேதியில் எதை மாற்றினோம் என்ற குறிப்பு கவுன்டரில் இருக்க வேண்டும். பழைய வழியை மூன்று மாதமாவது மூடாமல் வைத்திருக்க வேண்டும். "எப்பவாவது" என்று வருகிற புகாரையும் நோட்டில் ஏற்ற வேண்டும்.

நம் பங்கும் இருக்கிறது. வெறுங்கையோடு போய்ச் சண்டை போடாதீர்கள். தேதி, நேரம், எந்தக் கருவி, திரையில் வந்த வாசகம், அன்று எத்தனையாவது முயற்சி, எல்லாவற்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். ஏற்றுக்கொண்ட நாளையும் எழுதுங்கள், அதை யாரும் எழுதுவதில்லை. பத்துப் பேர் சீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எந்தத் தேதியிலிருந்து தகராறு ஆரம்பித்தது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.