அவசர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் வழித்தடத்தை நேரவாரியாக ஆய்ந்து தாமதத்தைக் குறைக்கக் கோரும் மனு

அனுப்புநர்: தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள், நோயாளர் மற்றும் உடனிருப்போர் நலச் சங்கம்.

பெறுநர்: முதல்வர், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை; மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்குநர்; மாவட்ட ஆட்சித் தலைவர்.

பொருள்: விபத்து மற்றும் அவசர சிகிச்சைப் பிரிவில் நோயாளி வந்த நேரம் முதல் வெளியேறும் நேரம் வரையிலான ஒவ்வொரு கட்டத்தையும் அளந்து பதிவு செய்தல், அப்பதிவின் அடிப்படையில் நடைமுறைகளைத் திருத்துதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரியீர்,

அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழையும் ஒரு நோயாளி, அங்கிருந்து வார்டுக்கோ அறுவை அரங்குக்கோ வீட்டுக்கோ போய்ச் சேர்வதற்குள் எத்தனை கை மாறுகிறார், ஒவ்வொரு கைமாற்றத்திலும் எவ்வளவு நேரம் கழிகிறது என்பதை முறையாக அளந்து, அந்த அளவீட்டைக் கொண்டே சீர்திருத்தத்தைத் தொடங்க வேண்டும் என்பது இம்மனுவின் தலையாய கோரிக்கை. கூடுதல் மருத்துவர், கூடுதல் செவிலியர், கூடுதல் படுக்கை ஆகியவை தேவையில்லை என்று சங்கம் கூறவில்லை. ஆயினும் நேரம் எங்கே கரைகிறது என்று அறியாமல் சேர்க்கப்படும் ஆளும் இடமும் நெரிசலை வாயிலிலிருந்து ஸ்கேன் அறைக்கும், ஸ்கேன் அறையிலிருந்து நடைகூடத்துக்கும் இடம்பெயர்க்குமே தவிர, நோயாளியின் காத்திருப்பைக் குறைக்காது என்பதே சங்கத்தின் உறுதியான கருத்து.

மருத்துவமனை வாயில் வரையிலான பயணத்தைச் சுருக்குவதில் இம்மாநிலம் செய்திருப்பவை சிறியன அல்ல. 2008ஆம் ஆண்டு தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவையும், அரசு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பகுதிகள் பிரித்து அவசர சிகிச்சையை ஒழுங்குபடுத்திய தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சை முன்முயற்சியும், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் வகையில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டமும் எத்தனையோ குடும்பங்களைக் காத்துள்ளன. காவல்துறை நடைமுறைகளைக் காரணம் காட்டி உயிர்காக்கும் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று 1989ஆம் ஆண்டு பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது. எனவே, விபத்து நடந்த இடத்துக்கும் மருத்துவமனை வாயிலுக்கும் இடைப்பட்ட தாமதத்தைப் பற்றிப் பேசுவதற்குச் சட்டமும் திட்டமும் இருக்கின்றன. வாயிலுக்கும் வார்டுக்கும் இடைப்பட்ட தாமதத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஓர் எண்கூட இல்லை என்பதே இம்மனு எழுதப்படுவதற்கான காரணம்.

‘ட்ரையேஜ்’ எனப்படும் முன்னுரிமைப் பகுப்பு, யார் முதலில் வந்தார் என்று பாராமல் யாருடைய உயிருக்கு உடனடி ஆபத்து என்று பார்த்து நோயாளிகளை வரிசைப்படுத்தும் முறை; வகைபிரித்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த இப்பெயரை நெப்போலியனின் படை மருத்துவர் லாரேயின் போர்க்களப் பணியோடு இணைத்துப் பேசுவது மருத்துவ வரலாற்றில் வழக்கம். இம்முறை இம்மருத்துவமனையில் வாயிலில் செம்மையாகவே நடைபெறுகிறது. வாயிலைத் தாண்டிய பின், அங்கே ஒதுக்கப்பட்ட சிவப்பு, மஞ்சள் அல்லது பச்சை நிறம் நோயாளியோடு சேர்ந்து பயணம் செய்வதில்லை என்பதுதான் சங்கம் கண்ட குறை. சிவப்புப் பகுதியில் இருப்பவரின் ரத்த மாதிரியும் பச்சைப் பகுதியில் இருப்பவரின் ரத்த மாதிரியும் ஆய்வகச் சாளரத்தில் ஒரே தட்டில், வந்த வரிசைப்படி, அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன.

இதனைச் சற்று நெருங்கிப் பார்த்தல் தகும். இரு சக்கர வாகனத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர் இரவில் கொண்டுவரப்படுகிறார் என்று கொள்ளலாம். டியூட்டி டாக்டர் சில நிமிடங்களில் பார்த்து, மூச்சுவழியையும் ரத்த அழுத்தத்தையும் நிலைப்படுத்தி, சி.டி. ஸ்கேனுக்குச் சீட்டு எழுதுகிறார். அந்தச் சீட்டு நோயாளியின் மனைவியின் கையில் கொடுக்கப்படுகிறது. அவர் ஸ்கேன் அறை எந்தக் கட்டடத்தில் என்று இரண்டு பேரிடம் கேட்டு நடந்து போய்ச் சேர்ந்ததும், சீட்டில் முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறார். முத்திரையோடு மீண்டும் போனால், நோயாளியை அழைத்து வரச் சொல்லப்படுகிறார். திரும்பி வந்தால் ஸ்ட்ரெச்சர் இருக்கிறது, தள்ள வேண்டிய பணியாளர் வேறொருவரை வார்டுக்குக் கொண்டு சென்றிருக்கிறார். ஸ்கேன் இயந்திரத்தில் படம் எடுக்கத் தேவைப்படுவது சில நிமிடங்களே; அந்தச் சில நிமிடங்களுக்கு முன்னும் பின்னும் ஒரு பெண் மங்கலான நடைகூடத்தில் செருப்பில்லாமல் நடந்த நேரம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இதில் எவரும் தம் கடமையில் தவறவில்லை என்பதையும் சங்கம் அழுத்திச் சொல்ல விரும்புகிறது: மருத்துவர், ஸ்கேன் நுட்புநர், பணியாளர் ஆகிய மூவரும் தத்தம் வேலையைச் செய்தனர், மூவருக்கும் இடையிலான வெற்றிடமே நோயாளியின் நேரத்தை விழுங்கியது.

பணிநடை ஆய்வு எனப்படுவது இந்த வெற்றிடங்களைக் கண்டுபிடிக்கும் கலை. ஒரு நோயாளி பிரிவில் செலவிடும் மொத்த நேரத்தை, எவரேனும் அவருக்காக ஏதேனும் செய்துகொண்டிருக்கும் நேரம் என்றும், அடுத்த செயலுக்காக அவர் வெறுமனே காத்திருக்கும் நேரம் என்றும் இரண்டாகப் பிரிப்பது அதன் முதல் படி. இன்று விபத்துப் பதிவேட்டில் வந்த நேரம் எழுதப்படுகிறது, சேர்க்கைப் பதிவேட்டில் வார்டுக்கு அனுப்பிய நேரம் எழுதப்படுகிறது. இடைப்பட்ட மணித்துளிகள் யாருடைய பொறுப்பிலும் இல்லை. அந்த மணித்துளிகளின் விலை சிறியதன்று. மூளைக்குச் செல்லும் பெரிய ரத்தக்குழாய் அடைபட்ட பக்கவாத நோயாளிக்கு ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று மதிப்பிடப்பட்டுள்ளது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும், மருத்துவமனைக்குள் வந்தபின் 60 நிமிடத்துக்குள் போடப்படுவது நலம், நெஞ்சுவலியோடு வருபவருக்கு 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுக்கப்பட வேண்டும் என்பவை உலகெங்கும் ஏற்கப்பட்ட அளவுகோல்கள். இம்மருத்துவமனை இவற்றை எட்டுகிறதா இல்லையா என்பதை இன்றுள்ள பதிவுகளைக் கொண்டு எவராலும் சொல்ல இயலாது.

ஆகவே, ஒவ்வொரு நோயாளியின் சிகிச்சைத் தாளோடும் ஒரு நேரச் சீட்டு இணைக்கப்பட வேண்டும் எனச் சங்கம் கோருகிறது. வாயிலை அடைந்தது, முன்னுரிமைப் பகுப்பு முடிந்தது, மருத்துவர் முதலில் பார்த்தது, பரிசோதனை எழுதப்பட்டது, முடிவு கைக்கு வந்தது, சிறப்புத் துறை மருத்துவர் அழைக்கப்பட்டது, அவர் வந்து முடிவு சொன்னது, நோயாளி பிரிவைவிட்டு வெளியேறியது ஆகிய எட்டு நேரங்கள் மட்டும் அதில் குறிக்கப்பட்டால் போதும். தொடக்கத்தில் தொடர்ந்து இரண்டு வாரம், காலை, மாலை, இரவு ஆகிய மூன்று ஷிப்டிலும், ஞாயிறும் திங்களும் விடுபடாமல் இதைச் செய்யலாம். சிகிச்சை அளிப்போரின் தோளில் இந்த எழுத்துவேலையை ஏற்றுவது நியாயமாகாது. கல்லூரியின் சமூக மருத்துவத் துறைக்கு இத்தகைய ஆய்வு பழக்கமான பணி என்பதால், அத்துறையின் முதுநிலை மாணவர்களைக் கொண்டு பேராசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் இதை நடத்துவது பொருத்தமாக இருக்கும். செலவு என்று சொல்லத்தக்கது தாளும் அறைதோறும் ஒரே நேரம் காட்டும் கடிகாரங்களும் மட்டுமே. கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று பத்து நிமிடம் முரண்படும் இடத்தில் எந்த அளவீடும் பயன்படாது என்பதால் இரண்டாவதை அற்பமானதாகக் கருத வேண்டாம் எனச் சங்கம் வேண்டுகிறது.

திரட்டப்படும் நேரங்களைச் சராசரியாக மட்டும் வெளியிடுவதும் போதாது. பத்துப் பேரில் ஒன்பது பேர் 20 நிமிடமும் ஒருவர் 5 மணி நேரமும் காத்திருந்தால் சராசரி 48 நிமிடம் என்று வரும். அந்தப் பத்துப் பேரில் 48 நிமிடம் காத்திருந்தவர் ஒருவர்கூட இல்லை. வரிசையின் நடுவில் நிற்பவரின் நேரத்தைக் காட்டும் இடைநிலை அளவும், பத்தில் ஒன்பது பேர் எந்த நேரத்துக்குள் முடித்தனர் என்று காட்டும் அளவும் நிறவாரியாகத் தனித்தனியே தரப்பட வேண்டும். அந்த ஐந்து மணி நேரக்காரர் யார், ஏன் அவர் மட்டும் என்ற கேள்வியில்தான் சீர்திருத்தம் தொடங்குகிறது.

வரிசைகளைப் பற்றி அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி ஒன்று இங்கே நேரடியாகப் பொருந்துகிறது. ஓரிடத்தில் ஒரே நேரத்தில் சராசரியாக இருப்போரின் எண்ணிக்கை, மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதையும் ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் தங்குகிறார் என்பதையும் பெருக்கினால் கிடைக்கும் என்பதே அந்த விதி. மணிக்கு 12 பேர் வந்து ஒவ்வொருவரும் 4 மணி நேரம் தங்கினால் பிரிவில் 48 பேர் இருப்பர். அதே 12 பேர் 3 மணி நேரத்தில் வெளியேறினால் 36 பேரே இருப்பர். வருவோரைக் குறைக்க மருத்துவமனையால் இயலாது, இயன்றாலும் கூடாது. தங்கும் நேரத்தை ஒரு மணி குறைத்தால், ஒரு செங்கல்கூட வைக்காமல் 12 படுக்கைகளுக்கான இடம் பிறக்கிறது.

தங்கும் நேரம் நீள்வதற்குப் பெருங்காரணம் பிரிவின் நுழைவாயிலில் இல்லை, வெளிவாயிலில் உள்ளது என்பதைச் சங்கம் சிறப்பாகச் சுட்ட விரும்புகிறது. சிகிச்சை முடிவாகி, சேர்க்கை எழுதப்பட்டு, வார்டில் படுக்கை கிடைக்காமல் அவசரப் பிரிவிலேயே கிடக்கும் நோயாளி, அடுத்து ஆம்புலன்ஸில் வருபவருக்கான படுக்கையை அடைத்துக்கொள்கிறார். வார்டிலோ, காலைச் சுற்றில் ‘போகலாம்’ என்று சொல்லப்பட்டவர், டிஸ்சார்ஜ் தாள் எழுதப்படும் வரை, மருந்தகத்தில் மாத்திரை வாங்கும் வரை, ஊரிலிருந்து ஆள் வரும் வரை, பிற்பகல் முழுவதும் அதே படுக்கையில் அமர்ந்திருக்கிறார். மறுநாள் வீடு திரும்பக்கூடியவர் யார் என்பதை முந்திய மாலையே குறித்து, அவருடைய தாள்களை இரவிலேயே ஆயத்தம் செய்து, காலையில் படுக்கையை விட்டபின் அவர் அமர்ந்து காத்திருக்க வார்டுக்கு வெளியே ஒரு கூடம் ஒதுக்க வேண்டும் என்பது சங்கத்தின் கோரிக்கை. இதனோடு, எந்த வார்டில் எத்தனை படுக்கை காலி என்பதை எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிலைய மருத்துவ அலுவலருக்குத் தெரிவிக்கும் பொறுப்பு ஒரு செவிலியக் கண்காணிப்பாளரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். அன்றைய சேர்க்கை யூனிட்டின் மருத்துவர்கள் அறுவை அரங்கிலோ புறநோயாளர் பிரிவிலோ இருக்கும் வேளையில், அவர்கள் வந்து பார்த்த பின்னரே மாற்றலாம் என்ற வழக்கத்தால் நோயாளி காத்துக்கிடப்பதைத் தவிர்க்க, சேர்க்கையை முடிவு செய்யும் அதிகாரம் அவசரப் பிரிவின் மூத்த மருத்துவருக்கு எழுத்து மூலம் வழங்கப்பட வேண்டும். அவசர மருத்துவம் 2009 முதல் இந்தியாவில் தனிச் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டுள்ள நிலையில், அத்துறையின் முடிவு பிற துறைகளைக் கட்டுப்படுத்தும் தகுதி உடையதே.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரிலுள்ள ஃப்ளிண்டர்ஸ் மருத்துவ மையம் 2003இல் இத்தகைய பணிநடை ஆய்வைத் தன் ஊழியர்களைக் கொண்டே தொடங்கி, சிகிச்சை பெற்று வீடு திரும்பக்கூடியோர், சேர்க்கை தேவைப்படக்கூடியோர் என்று நோயாளிகளை இரண்டு ஓட்டங்களாகப் பிரித்து, ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தனிக்குழு அமைத்தது. இரண்டு தையலுக்காக வந்தவர் பலத்த காயமுற்றவருக்குப் பின்னால் மணிக்கணக்கில் காத்திருக்கும் நிலை இப்பிரிவினையால் மாறுகிறது. பச்சைப் பகுதிக்கென ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் மாலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை தனியே நிறுத்தப்பட்டால் இங்கும் அதன் பயன் தெரியும். பரிசோதனைச் சீட்டும் ரத்த மாதிரியும் உடனிருப்போர் கையில் கொடுக்கப்படுவது அறவே நிறுத்தப்பட்டு, அவற்றைச் சுமக்கவும் ஸ்ட்ரெச்சர் தள்ளவும் ஷிப்டுக்கு இருவர் அவசரப் பிரிவுக்கென்றே ஒதுக்கப்பட வேண்டும். சிவப்புப் பகுதியின் மாதிரிக் குப்பிகளுக்குச் சிவப்பு ஒட்டுத்தாள் ஒட்டப்பட வேண்டும்.

காத்திருப்பதைவிட, எதற்காகக் காத்திருக்கிறோம் என்று அறியாமல் காத்திருப்பதே உடனிருப்போரை நிலைகுலையச் செய்து, சில வேளை பணியாளர்மீது சினமாகவும் வெடிக்கிறது. மருத்துவப் பணியாளர்மீதான வன்முறையைத் தடுக்க 2008ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. அச்சட்டத்தைச் சங்கம் முழுமனத்தோடு ஆதரிக்கிறது. அதனோடு, நோயாளி எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பதை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உடனிருப்போருக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல ஒருவரை நியமிப்பதும் அதே அளவுக்குப் பாதுகாப்புத் தரும்.

இவ்வளவையும் கேட்கும் சங்கம் ஒன்றை மட்டும் தவிர்க்கக் கோருகிறது: இத்தனை மணி நேரத்துக்குள் முடிக்காவிட்டால் தண்டனை என்ற இலக்கை இப்போது விதிக்க வேண்டாம். இங்கிலாந்தில் அவசரப் பிரிவுக்கு வருவோர் நான்கு மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும் என்ற இலக்கு காத்திருப்பைக் குறைத்தது உண்மை. ஆனால் நான்காவது மணியின் கடைசி நிமிடங்களில் மட்டும் வெளியேற்றங்கள் குவிந்ததும் அங்கே பதிவாகியுள்ளது. அச்சத்தில் எழுதப்படும் நேரம் உண்மையான நேரமாக இராது. நேரச் சீட்டில் உள்ள எந்தக் குறிப்பும் எந்தத் தனி ஊழியர்மீதும் ஒழுங்கு நடவடிக்கைக்குச் சான்றாகப் பயன்படுத்தப்படாது என்ற உறுதியைச் சுற்றறிக்கையாக வெளியிட்ட பின்னரே ஆய்வு தொடங்கப்பட வேண்டும்.

ஆய்வுக் குழுவில் அவசரப் பிரிவுச் செவிலியர் ஒருவரும், பல்நோக்குப் பணியாளர் ஒருவரும், உடனிருப்போர் சார்பில் சங்கத்தின் பிரதிநிதி ஒருவரும் இடம்பெற வேண்டும் எனவும், முடிவுகள் நோயாளிகளின் அடையாளம் நீக்கப்பட்டு மாதந்தோறும் பிரிவின் வாயிலில் ஒட்டப்பட வேண்டும் எனவும், இவற்றைப் பற்றிப் பேச இம்மனு கிடைத்த 30 நாட்களுக்குள் மருத்துவமனை முதல்வர் தலைமையில் கூட்டம் ஒன்று கூட்டப்பட வேண்டும் எனவும் சங்கம் பணிவுடன் கோருகிறது. நேரச் சீட்டின் மாதிரிப் படிவம் ஒன்று இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர்
நோயாளர் மற்றும் உடனிருப்போர் நலச் சங்கம்