ஊட்டி விடுவது மட்டும் பராமரிப்பு இல்லை



கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடுதான் எழுதுகிறேன். பொறுமையாக வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

நம் ஊரில் ஒருவருக்குப் பாரிசவாதம் வந்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அம்பியுலன்ஸ், பெரியாஸ்பத்திரி, வாசலில் நாற்பது பேர். உயிர் தப்பினால் அல்ஹம்துலில்லாஹ். கொஞ்ச நாளில் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். முன் அறையில் ஒரு கட்டில் போடப்படும். மகள் ஊட்டி விடுவாள். மருமகன் தூக்கி இருத்துவார். மனைவி துடைத்து உடுப்பு மாற்றி விடுவார். பார்க்க வருகிறவர்கள் "மாஷா அல்லாஹ், என்னமாய்ப் பார்க்கிறார்கள்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள்.

அந்தக் குடும்பத்தின் அன்பில் நான் குறை சொல்லவில்லை. என் கேள்வி வேறு. அந்த வாப்பா மீண்டும் தன் கையால் சாப்பிடவும், தன் சாரத்தைத் தானே உடுத்தவும், தானே வுழூ எடுக்கவும் யாராவது பழக்கினார்களா? பழக்க முடியும் என்றாவது அந்த வீட்டுக்கு யாராவது சொன்னார்களா?

அதைப் பழக்குவதற்கென்றே படித்த ஒருவர் சுகாதாரத் துறையில் இருக்கிறார். ஒக்கியுபேஷனல் தெரபிஸ்ட். தமிழில் தொழில்வழிச் சிகிச்சையாளர். நம் ஊரில் 'ஓ.டி' என்றால் பாதிப் பேர் ஓவர்டைம் என்பார்கள், மீதிப் பேர் ஒபரேஷன் தியேட்டர் என்பார்கள். 'தொழில்வழி' என்றதும் நோயாளிக்கு வேலை எடுத்துக் கொடுப்பவர் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இங்கே தொழில் என்பது சம்பளத் தொழில் மட்டும் அல்ல. எழும்பியது முதல் படுக்கும் வரை ஒரு மனிதன் செய்கிற ஒவ்வொரு வேலையும் அதில் அடக்கம். பல் துலக்குவது, குளிப்பது, சமைப்பது, தொழுவது, எழுதுவது, கடைக்குப் போவது, பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வது எல்லாம்தான்.

"அதுக்குத்தானே பிசியோ இருக்கிறார்" என்பார்கள். பிசியோதெரபிஸ்ட் காலையும் கையையும் பலப்படுத்தி, நிற்கவும் நடக்கவும் வைக்கிறார். அது மிகப் பெரிய வேலை. ஆனால் நடந்து போய் பாத்ரூம் வாசலில் நிற்கிற மனிதர் உள்ளே போய் என்ன செய்வார்? ஒரு கையால் பட்டனைப் போடுவது எப்படி? கொமட்டில் இருந்து எழும்ப எதைப் பிடிப்பது? அங்கேதான் மற்றவரின் வேலை தொடங்குகிறது. இருவரும் ஒருவருக்கு ஒருவர் மாற்று அல்ல. நோயாளிக்கு இரண்டு பேரும் வேண்டும்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1917இல் அமெரிக்காவில் இந்தத் துறைக்கான முதல் சங்கம் தொடங்கியது. முதலாம் உலகப் போரில் காயப்பட்ட சிப்பாய்களைத் திரும்ப வாழ்க்கைக்குக் கொண்டுவரும் வேலையில்தான் இது வளர்ந்தது. 1952இல் உலக சம்மேளனமே வந்துவிட்டது. நம் நாட்டிலும் கொழும்பு தேசிய வைத்தியசாலையோடு சேர்ந்த பாடசாலையில் பல தசாப்தங்களாக இதற்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். நம் ஊருக்குத்தான் இன்னும் செய்தி வந்து சேரவில்லை.

அவர் என்ன சொல்லித் தருவார்? சின்னச் சின்ன விஷயங்கள்தான். சட்டை போடும்போது விழுந்துபோன கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியாக எடுக்க வேண்டும். பீங்கானுக்குக் கீழே ஈரத் துணி விரித்தால் ஒரு கையால் சாப்பிடும்போது அது வழுக்கிப் போகாது. கரண்டியின் பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்கினால் பலமில்லாத விரலும் பிடிக்கும். கட்டிலில் இருந்து எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு விலகிவிடும். நம் வீடுகளில் பாசத்தோடு அந்தக் கையைப் பிடித்துத்தான் இழுக்கிறோம். பிறகு "தோளில் ஒரே நோவு" என்று எண்ணெய் தேய்க்கிறோம்.

அவருடைய வேலை பாரிசவாதத்தோடு நிற்பதில்லை. மெஷினில் கை வெட்டுப்பட்டவருக்கு, விரல் மடங்கிப் போய் விறைக்காமல் அளவெடுத்து 'ஸ்ப்ளின்ட்' செய்து கொடுப்பவரும் அவர்தான். தீக்காயம் ஆறிய பிறகு தோல் சுருங்கி மூட்டை இழுத்துவிடாமல் பார்ப்பார். மனநோயால் வீட்டுக்குள் முடங்கியவருக்கு ஒரு நாளின் ஒழுங்கை மீண்டும் பழக்குவார். மறதி நோய் வந்த உம்மாவுக்கு எந்தப் பொருளை எங்கே வைத்தால் தடுமாற மாட்டார் என்று வீட்டாருக்குச் சொல்லிக் கொடுப்பார்.

மாயம் எதுவும் இல்லை. எல்லோரும் பழைய ஆளாக மாற மாட்டார்கள். ஆனால் பத்து வேலைக்கும் பிறர் கையைப் பார்த்திருந்த ஒருவர் அதில் நான்கைத் தானே செய்தாலும் அவர் முகம் மாறிவிடும். ஒரு மாமாவை மருமகள் கழுவி விட வேண்டிய நிலை வரும்போது அந்த இரண்டு பேரும் உள்ளுக்குள் எவ்வளவு குறுகிப் போகிறார்கள் என்பது நமக்குத் தெரியாததா? வெட்கம், மறைப்பு, ஹயா என்று இவ்வளவு பேசுகிற சமூகம், ஒரு மனிதன் தன் மறைவிடத்தைத் தானே சுத்தம் செய்யப் பழக்குவதைச் சிகிச்சையாகவே எண்ணாமல் இருப்பது எப்படி?

அடுத்தது நம் தர்மம். ரமழான் வந்தால் சக்கர நாற்காலி கொடுக்கிறோம். பேனர், போட்டோ, பேஸ்புக். கொடுப்பவர்களின் நிய்யத்தை நான் கேள்வி கேட்கவில்லை. அளவைத்தான் கேட்கிறேன். மெலிந்த ஒரு உம்மாவுக்கு அகலமான நாற்காலியைக் கொடுத்தால் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருப்பார். கால் தொங்கும். நாள் முழுக்க அப்படியே இருந்தால் படுக்கைப் புண் வரும். செருப்பைக்கூட அளவு பார்த்து வாங்குகிற நாம், ஒருவர் ஆயுள் முழுக்க இருக்கப் போகும் கதிரையை ஆளைப் பார்க்காமலே மொத்தமாக ஓடர் பண்ணுகிறோம். அந்த நாற்காலி அவர் வீட்டு வாசற்படியைத் தாண்டுமா என்றுகூடப் பார்ப்பதில்லை.

பள்ளிவாசலையும் சொல்ல வேண்டும். ஏ.சி. பூட்டினோம், மார்பிள் பதித்தோம். வுழூ எடுக்கும் இடத்தில் பிடித்து எழும்ப ஒரு கம்பி பூட்டவில்லை. நின்று தொழ முடியாதவர் இருந்து தொழலாம் என்று மார்க்கம் இலகுவாக்கி வைத்திருக்கிறது. நாமோ அவர் உள்ளே வரும் வழியில் நான்கு படி கட்டி வைத்திருக்கிறோம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க இந்த நாட்டில் 1996இல் சட்டம் வந்தது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் நுழைய வழி இருக்க வேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன. 2016இல் ஐ.நா. உடன்படிக்கையையும் இலங்கை உறுதிப்படுத்தியது. புனர்வாழ்வுச் சேவை அதில் உரிமையாக எழுதப்பட்டிருக்கிறது. பிச்சையாக அல்ல.

இனி என் வகுப்பறை. மூன்றாம் தரத்தில் ஒரு பிள்ளை. வாயால் கேட்டால் எல்லாப் பதிலும் வரும், கொப்பியில் ஒன்றும் இருக்காது. எழுத்து கோட்டில் நிற்காது, பென்சிலை அழுத்தி அழுத்திப் பேப்பரே கிழியும். "சோம்பேறி", "மக்கு" என்ற பெயர்கள் அதற்குள் வந்துவிட்டன. உம்மா ஓதிப் பார்த்தார், டியூஷனும் போட்டார். கடைசியில் தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்த தெரபிஸ்டிடம் கொண்டு போனார்கள். அவர் பிள்ளையை விளையாட விட்டுப் பார்த்தார். கால் நிலத்தில் படும் கதிரை, தடித்த பென்சில், சாய்வான பலகை, விரலுக்கு மாப் பிசையும் விளையாட்டு. மாதங்கள் எடுத்தன. இப்போது அந்தப் பிள்ளை மெதுவாக, ஆனால் வாசிக்கக்கூடியதாக எழுதுகிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும் என்பதால் அந்த வாப்பாவுக்கு ஒரு நாள் கூலி போனது. எத்தனை வீட்டுக்கு அது முடியும்?

ஆசிரியர் கலாசாலையில் விசேட கல்வி பற்றி எங்களுக்குப் படிப்பித்தார்கள். இப்படி ஒரு பிள்ளையை யாரிடம் அனுப்புவது என்று யாரும் சொல்லவில்லை. பிறப்பிலேயே மூளை வாதம் உள்ள பிள்ளைகள், ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் இதைவிட எவ்வளவு இழக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களுக்கு ஆரம்ப வருடங்கள்தான் பெறுமதியானவை. அந்த வருடங்களை நாம் "வளர வளரச் சரியாகும்" என்று சொல்லியே கழிக்கிறோம்.

"நாடு வங்குரோத்தான நேரத்தில் இதெல்லாம் ஆடம்பரம்" என்று ஒரு வாதம் வரும். 2022க்குப் பிறகு சுகாதாரத் துறையில் ஆட்கள் வெளிநாடு போனதும் பற்றாக்குறையும் உண்மை. ஆனால் கணக்கைச் சரியாகப் போடுங்கள். ஒருவர் கட்டிலில் விழுந்தால் அவரோடு சேர்ந்து அவரைப் பார்க்கும் மகளின் வேலையும் போகிறது, படிப்பும் போகிறது. ஈரத் துணிக்கும் கைபிடிக் கம்பிக்கும் டொலர் தேவையில்லை. தெரிந்த ஒருவர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அந்த ஒருவர் எங்கிருந்து வருவார்? நம் பிள்ளைகளிடமிருந்துதான் வர வேண்டும். உயர்தரத்தில் பயோ படிக்கும் பிள்ளைக்கு நாம் காட்டும் ஒரே வழி மருத்துவ பீடம். கிடைக்காவிட்டால் இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று வயதைத் தின்கிறோம். களனிப் பல்கலைக்கழகத்தில் இதற்குப் பட்டப்படிப்பு இருக்கிறது. சுகாதார அமைச்சும் பயிற்சிக்கு விண்ணப்பம் கோருகிறது. பெண்பிள்ளைகள் முக்கியமாக யோசியுங்கள். நம் உம்மாமார்களுக்குக் குளிக்கவும் உடுக்கவும் பழக்க ஒரு பெண் சிகிச்சையாளர் இருந்தால் அவர்கள் வெட்கமில்லாமல் ஒத்துழைப்பார்கள்.

என் கோரிக்கைகள் இவைதான்:

1. டிக்கட் வெட்டும் நாளில் டொக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: "ஒக்கியுபேஷனல் தெரபிக்கு எங்கே காட்டலாம்?" கேட்பவர் இல்லாத இடத்துக்கு நியமனம் வராது.

2. பள்ளி நிர்வாகமும் ஊர்ச் சங்கங்களும் வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவில் இருக்கிறீர்கள். கட்டடத்துக்கு மகஜர் கொடுத்தது போதும். இந்தப் பதவி நம் ஆஸ்பத்திரியில் உண்டா, உண்டென்றால் ஏன் வெற்றிடம் என்று எழுத்தில் கேளுங்கள்.

3. அடுத்த ரமழானில் நாற்காலி கொடுக்க முன் அளவெடுக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். மிஞ்சும் காசில் பத்து வீட்டு பாத்ரூமில் கம்பி பூட்டுங்கள்.

4. ஆசிரியர்களே, எழுத முடியாத பிள்ளைக்குப் பெயர் வைக்க முன் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

எனக்குப் பதில் சொல்ல விரும்புகிறவர்கள் கீழே சொல்லுங்கள். அதற்கு முன் உங்கள் வீட்டுக் கட்டிலில் இருக்கும் வாப்பாவிடம் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்: "எந்த வேலையை நீங்களே செய்ய ஆசை?" அவர் சொல்வதை எழுதி வைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள்.