ஆகாயத்திலும் முழு நைட்!

முழு நைட் ஷிப்டில் நின்றவனுக்குத் தெரியும், விடியற்காலை மூன்று மணி என்றால் என்ன என்று. ரிங் பிரேம் ஓடிக்கொண்டே இருக்கும். இழை அறும். அதை ஒட்டக் கை நீளும். அதற்குள் கண் ஒட்டிக்கொள்ளும். யாராவது தோளைத் தட்டிய பிறகுதான், நின்றபடியே தூங்கியது நமக்குத் தெரியும். மேலூர்ப் பக்கம் பெரியாறு வாய்க்காலில் முறைத் தண்ணீருக்காக நடுச்சாமத்தில் மடை காக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் இது தெரியும். மண்வெட்டியை ஊன்றி நிற்பான். தலை மட்டும் தானாகச் சாயும்.

அதே மூன்று மணிக்கு ஆகாயத்தில் ஒரு விமானம் பறக்கிறது. உள்ளே நூற்றைம்பது, நூற்றறுபது பேர். அதை ஓட்டுகிறவர் கண் அயர்ந்தால்?

இது கற்பனைக் கேள்வி அல்ல. நம் நாட்டில் நடந்தது.

2010 மே 22. துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், விடியற்காலை ஆறு மணி சுமாருக்குத் தரை இறங்கியது. குன்றின் உச்சியைச் சமப்படுத்திப் போட்ட ஓடுபாதை அது. விமானம் ஓடுபாதையில் நிற்காமல் ஓடி, பள்ளத்தில் விழுந்து, தீப்பற்றி எரிந்தது. விமானத்தில் இருந்தவர்கள் 166 பேர். மாண்டவர்கள் 158 பேர். பிழைத்தவர்கள் 8 பேர். வளைகுடா நாடுகளில் பிழைக்கப் போய், பெண்டு பிள்ளைகளைப் பார்க்க ஊர் திரும்பியவர்கள் அதிலே பலர். உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் நம் பையன்கள் கடன் வாங்கி விமானம் ஏறுகிறார்களே, அப்படிப்பட்டவர்கள்.

சர்க்கார் விசாரணைக் குழு அமைத்தது. விமானி அறையின் ஒலிப்பதிவைக் கேட்டார்கள். அதிலே கேப்டனின் குறட்டைச் சத்தம் பதிவாகி இருந்தது! ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக அவர் உறங்கியிருக்கிறார். விழித்த சற்று நேரத்தில் விமானத்தை இறக்க ஆரம்பித்திருக்கிறார். உயரமும் வேகமும் சரியாக இல்லை. “மறுபடியும் மேலே கிளப்புங்கள்” என்று துணை விமானி மூன்று தடவை சொல்லியிருக்கிறார். கேப்டன் கேட்கவில்லை. உறங்கி எழுந்த மந்தம் அவருடைய நிதானத்தைக் கெடுத்திருக்கலாம் என்று குழு எழுதியது.

“அப்படியானால் குற்றம் அந்த ஆளுடையதுதானே?” என்று சிலர் கேட்பார்கள். விமானத்தை மேலே கிளப்பாமல் இறக்கியது அவருடைய தவறு என்பதை யாரும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இதையும் கவனிக்க வேண்டும்: அந்தப் பிரயாணத்துக்கு முன் அவருக்குப் போதிய ஓய்வு இருந்தது என்று அதே குழுதான் சொல்கிறது. ஓய்வு எடுத்து வந்தவரையே அந்த நேரம் சாய்த்துவிட்டது. முந்திய இரவு மங்களூரிலிருந்து கிளம்பி, துபாய் போய், உடனே திரும்பி, விடியும் போது இறங்குகிற வேலை அது. அப்படியிருக்க, ஓய்வே இல்லாமல் வருகிறவர் கதி என்ன?

மனித உடம்புக்கு ஒரு கடிகாரம் உண்டு. இரவு இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை அந்தக் கடிகாரம் “படு, படு” என்றுதான் சொல்லும். கேப்டன் சம்பளமும் ஆலைச் சம்பளமும் அதற்கு ஒன்றுதான். 1997-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருக்கும் மனிதனின் கையும் கண்ணும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் ஏறியவனுடைய கையையும் கண்ணையும் போலவே தடுமாறுகின்றன என்று கண்டார்கள். நம் நாட்டில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தாலே லாரி டிரைவர் மீது போலீஸ் கேஸ் போடுகிறது. குடித்துவிட்டு ஓட்டினால் டிரைவர் குற்றவாளி. சரி. தூங்க விடாமல் ஓட்டச் சொன்னால் குற்றவாளி யார்?

பணக்கார நாடான அமெரிக்காவில் நிலைமை என்ன? அங்கே பெரிய விமானக் கம்பெனிகள் தங்கள் பெயரையும் வர்ணத்தையும் கொடுத்து, சிறு ஊர்களுக்குப் போகும் விமானங்களைச் சின்னக் கம்பெனிகளிடம் ஒப்படைத்துவிடுகின்றன. ஆலையில் காண்டிராக்டர் வைத்து வேலை வாங்குவது போலத்தான். 2009 பிப்ரவரி 12-ந் தேதி இரவு, கோல்கன் ஏர் என்ற அப்படிப்பட்ட ஒரு கம்பெனியின் விமானம் பஃபலோ நகருக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டில் இருந்த ஒருவரும் மாண்டார்கள். கேப்டன் அபாய எச்சரிக்கை வந்தபோது தப்பாகக் கையாண்டதே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. துணை விமானியான இளம்பெண்ணின் வருஷச் சம்பளம் சுமார் 16 ஆயிரம் டாலர்தான். வேலை செய்யும் ஊரில் குடியிருக்கக் கட்டுப்படியாகாத சம்பளம். நாட்டின் மறுகோடியிலிருந்து இரவெல்லாம் வேறு விமானங்களில் பிரயாணம் செய்து வேலைக்கு வந்திருந்தார். கேப்டனோ விமான நிலைய ஓய்வறையில் இரவைக் கழித்தவர். களைப்பு எவ்வளவு தூரம் காரணம் என்று அளந்து சொல்ல முடியாவிட்டாலும், இருவரும் களைத்திருந்தார்கள் என்பதை விசாரணை ஒப்புக்கொண்டது.

மாண்டவர்களின் குடும்பத்தார் சும்மா இருக்கவில்லை. பார்லிமெண்டின் படிகளை ஏறி இறங்கினார்கள். 2010-ல் சட்டம் வந்தது. 2014 ஜனவரியிலிருந்து விமானிகளுக்குப் புதிய ஓய்வு விதிகள் அமலாயின. ஆனால் சரக்கு விமானம் ஓட்டுகிறவர்களுக்கு அந்த விதிகள் இல்லை! செலவு அதிகமாம். சரக்கு விமானம் ஓட்டுகிறவனுக்குத் தூக்கம் வராதா?

இப்போது நம் நாட்டு விஷயத்துக்கு வருவோம்.

விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டைரக்டர் ஜெனரல் அலுவலகம் 2024 ஜனவரியில் புதிய விதிகளை வெளியிட்டது. விமானிக்கு வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயரும். இரவு வேலை என்பது நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை என்று இருந்தது, 6 மணி வரை என்று ஆகும். இரவில் ஆறு தடவை வரை தரை இறக்கலாம் என்று இருந்தது, இரண்டு தடவை என்று குறையும். 2024 ஜூன் 1 முதல் அமல் என்றார்கள்.

கம்பெனிகள் “முடியாது, ஆள் போதாது” என்றன. தேதி தள்ளிப் போயிற்று. விமானிகளின் சங்கங்கள் டில்லி ஹைகோர்ட்டில் வாதாடிய பிறகுதான், 2025 ஜூலை 1-ல் ஒரு பகுதி, நவம்பர் 1-ல் மறு பகுதி என்று அமலுக்கு வந்தது. அதாவது, விதி எழுதியதிலிருந்து முழு அமல் வரை 22 மாத அவகாசம்! அந்த 22 மாதத்தில் ஆள் சேர்த்துப் பழக்கியிருக்கலாம் அல்லவா?

நடந்தது என்ன? உள்நாட்டு விமானப் பிரயாணிகளில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் இண்டிகோ கம்பெனி, 2025 டிசம்பர் முதல் வாரத்தில் விமானங்களை வரிசையாக ரத்து செய்தது. டிசம்பர் 5-ந் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல். பிரயாணிகள் விமான நிலையத் தரையில் படுத்துக் கிடந்தார்கள். அவகாசம் இருந்தும் கம்பெனி ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்திருந்தது என்று விமானிகளின் சம்மேளனம் குற்றம் சாட்டியது.

சர்க்கார் என்ன செய்தது? கம்பெனியைப் பிடித்து உலுக்கியதா? இல்லை. முதலில் விதியைத்தான் தளர்த்தியது! இரவு வேலை விதிகளிலிருந்து இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு. வார ஓய்வுக்குப் பதிலாக லீவைக் கணக்கில் எழுதக்கூடாது என்ற உத்தரவும் வாபஸ். ஆலைத் தொழிலாளிக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல. உன் லீவை எடுத்தே உன் ஓய்வைக் கொடுக்கிற கணக்கு இது.

பிறகு விசாரணை நடந்தது. ஆளையும் விமானத்தையும் கடைசிச் சொட்டு வரை உபயோகிப்பதிலேயே கம்பெனி குறியாக இருந்தது, அவசரத்துக்கென்று கையிருப்பே வைக்கவில்லை என்று 2026 ஜனவரியில் சர்க்கார் அலுவலகமே சொல்லிற்று. அபராதம் 22 கோடியே 20 லட்சம் ரூபாய். பெரிய தொகை போலத் தோன்றுகிறதா? 2024-25-ல் அந்தக் கம்பெனியின் லாபம் சுமார் 7,258 கோடி ரூபாய். நாளொன்றுக்குச் சராசரி 20 கோடி. மூன்று லட்சம் பிரயாணிகளைத் தவிக்கவிட்டதற்கு அபராதம், ஒரு நாள் லாபத்தைவிடச் சற்றே அதிகம்! தினக்கூலிக்காரன் பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் இதைவிடப் பெரிய பங்கைக் கட்டுகிறான்.

சில பத்திரிகைகள் வேறு பாட்டுப் பாடின. ஓய்வு விதியால்தான் விமானம் நின்றதாம். ஜனங்கள் கஷ்டப்பட்டது விமானிகளால்தானாம். நன்றாக இருக்கிறது! நான்கு பேர் பார்க்க வேண்டிய மிஷினை இரண்டு பேரிடம் விட்டு, அவர்கள் உட்கார்ந்ததும் “உற்பத்தி போச்சு, உற்பத்தி போச்சு” என்று கத்துவது எந்த ஊர் நியாயம்? விமானத்தை நிறுத்தியது ஓய்வு அல்ல. ஆள் குறைப்புத்தான்.

நம் தோழர்களிலும் சிலர் கேட்கலாம்: “லட்சம் லட்சமாகச் சம்பளம் வாங்குகிறவர்கள். அவர்களுக்காக நாம் ஏன் பேச வேண்டும்?” சம்பளம் வேறு, தூக்கம் வேறு. அவருடைய வீடும் காரும் நமக்கு வேண்டாம். அவருடைய விழிப்பு நமக்கு வேண்டும். அந்த விமானத்தில் இருப்பவன் நம் தம்பி. அது இறங்கும் பாதைக்குக் கீழே இருப்பவை பெருங்குடியிலும் அவனியாபுரத்திலும் உள்ள நம் வீடுகள்.

ஆகாயம் மட்டுமா? மதுரை ரயில் ஊர். இங்கே ரயில் இஞ்சின் ஓட்டுகிற லோகோ பைலட்டுகளைக் கேட்டுப் பாருங்கள். 1973-ல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்து, 10 மணி நேர வேலை என்ற வாக்குறுதியைப் பெற்றார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2024 ஜூனில், தென்னக ரயில்வேயில் அவர்கள் வார ஓய்வுக்காக மறுபடியும் போராட வேண்டி வந்தது. அன்றாட ஓய்வு 16 மணி, அதோடு வார ஓய்வு 30 மணி, ஆக 46 மணி நேரம் என்பது அவர்கள் கேட்ட கணக்கு. ஆயிரம் பேரை ஏற்றிய ரயிலில் சிவப்பு விளக்கைப் பார்க்க வேண்டிய கண்கள் அவை.

நாமும் இதே சண்டையைப் போட்டவர்கள்தான். 2023 ஏப்ரல் 21-ந் தேதி, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு இடம் கொடுக்கும் மசோதா தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எல்லாம் ஒரே குரலில் எதிர்த்தன. மூன்றே நாளில் மசோதாவை நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தன்று வாபஸ் என்று முதல் மந்திரி அறிவித்தார். எழுதிய சட்டத்தையே தடுக்கத் தொழிலாளிக்கு முடியும் என்பதற்கு அது சாட்சி. விமானிகள் விஷயமோ மறுபக்கம்: நல்ல விதியை எழுதியும் முதலாளி அதைத் தள்ளிப் போட முடியும் என்பதற்குச் சாட்சி. எழுதினால் மட்டும் போதாது. எழுதியதைக் காக்க ஆள் வேண்டும்.

ஆகவே கேட்போம். ஓய்வு விதிக்கு விலக்கு என்ற பேச்சே கூடாது. எத்தனை விமானம் ஓடுகிறதோ அத்தனைக்கும் போதிய விமானிகளும், அவசரத்துக்குக் கையிருப்பு ஆட்களும் இருந்தால்தான் புதிய விமானத்துக்கு அனுமதி. டியூட்டிப் பட்டியல் தயாரிப்பதில் சங்கத்துக்கு இடம். “நான் களைத்திருக்கிறேன், ஓட்ட மாட்டேன்” என்று சொல்லும் விமானிக்குத் தண்டனை கூடாது. இஞ்சின் டிரைவருக்கும், பஸ் டிரைவருக்கும், முழு நைட் பார்க்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இதே நியாயம் வேண்டும்.

உறக்கம் முதலாளி போடும் பிச்சை அல்ல. அது வேலையின் ஒரு பகுதி. அதைத் திருடினால், ஆலையில் ஒரு விரல் போகும். ஆகாயத்தில் 158 உயிர் போகும். திருட்டு ஒன்றுதான். அதைத் தடுக்கும் போராட்டமும் ஒன்றுதான்!