கெளுத்தி குத்தாத வாய்க்கால்

ஆத்துல தண்ணி வந்த மூணாம் நாள் வாய்க்காலில் இறங்கினால் கெளுத்தி குத்தும். எங்கள் டெல்டாப் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை சொல்வார்கள். முதுகில் ஒரு முள், செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று. கையில் பிடித்தால் மூன்றையும் விறைத்துக்கொண்டு கிர்ரென்று சத்தம் போடும். விரல் நீள மீனுக்கு அவ்வளவு வீறாப்பு!

கெளுத்தி அடித்தரை மீன். மீசையால் சேற்றைத் துழாவிப் புழு, பூச்சி, கூனிறால் தின்னும். புதுத்தண்ணீர் வந்ததும் ஆற்றிலிருந்து வாய்க்கால் ஏறி, வாய்க்காலிலிருந்து வயலேறி, ஆழமில்லாத தண்ணீரில் இனம் பெருக்கும். ஆக, நம் வயலும் அதற்கு ஆறுதான். மணல் அள்ளியதையும் வாய்க்காலுக்குச் சிமெண்டு பூசியதையும் நிறையப் பேசிவிட்டோம். பேச வேண்டியதுதான். இயற்கை உழவர்களான நாம் செய்வதை மட்டும் பேசுவதில்லை.

அக்னி அஸ்திரத்தையே எடுத்துக்குங்க. மாட்டு மூத்திரத்தில் புகையிலை, மிளகாய், பூண்டு, வேப்பிலை போட்டுக் காய்ச்சுகிறோம். புகையிலையில் இருக்கிற நிக்கோட்டின் பூச்சிக்கு நஞ்சு, மீனுக்கும் நஞ்சு. மருக்காரங்காயை இடித்துக் குட்டையில் கலக்கி மீன் பிடித்த ஊர்தானே நம்முடையது? அதுவும் இலைதழை வகைதான். ஆனாலும், 'ரசாயனம் இல்லீங்களே' என்ற தைரியத்தில், வயலில் தண்ணீர் நிற்கும்போதே அடித்துவிட்டு மறுநாள் வடிமடையைத் திறந்துவிடுகிறோம். நானும் திறந்தவன்தான். வடிவாய்க்காலில் ஏழெட்டுக் கெளுத்திக் குஞ்சுகள் மல்லாந்து கிடந்தன. அதனால்தான் செத்தது என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அதன்பிறகு புகையிலை சேர்ப்பதை விட்டுவிட்டேன். விட முடியாதவர்கள் தண்ணீரை முதலில் வடித்துவிட்டு அடியுங்கள், பிறகு ஒரு வாரமாவது மடையை அடைத்து வையுங்கள்.

இன்னொன்று. வேகமா வளருதுன்னு பண்ணைக்குட்டையில் ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு விடுகிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். அது தடை செய்த மீன். அடைமழையில் குட்டை வழிந்தால் நேரே ஆற்றுக்குப் போகும். பேருதான் கெளுத்தி, நாட்டுக் கெளுத்தி அதுக்கு ஒரு வாய் சோறு.

வடிமடைக்கு உள்பக்கம் முழங்கால் ஆழத்தில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறேன். வயல் காயும்போது மீன்கள் அதில் ஒதுங்கும். போன தாளடியில் அதற்குள் கை விட்ட பேரன் 'ஆ'வென்று கத்தினான். மஞ்சள் வைத்துக் கட்டினோம்.